‘கரண்ட் உட்பட’: திருநெல்வேலியில் ஓர் அறை வாடகை விவகாரம்

இது எந்தப் பொலிஸ் நிலையத்திலும் பதியப்படாத விவகாரம். பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கும் போகவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தச் சபைகளில் ஒன்றில் நான் சில காலம் இருந்தவன் என்பதால், வீட்டுக்காரரின் கணவர் ஒரு நாள் பின்னேரம் வந்து, “சபைக்குப் போக முதல் நீங்கள் ஒருக்கால் வந்து கதைச்சுப் பாருங்கோ” என்று கூப்பிட்டார். இதை எழுத இரு தரப்பும் சம்மதித்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விபரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வாடகைக்காரர் வாடகையை ஒருமுறைகூடப் பிந்திக் கொடுக்காதவர். குடியில்லை, கூட்டாளிகளைக் கொண்டுவருவதில்லை, ஒரு பொருளை உடைக்கவுமில்லை. ஆனாலும் வீட்டுக்காரருக்கு அவரைக் கண்ணில் காட்ட ஏலாது. சபைக்கு வரும் வாடகை வழக்குகளில் ஒரு பக்கத்திலாவது பிழை பளிச்சென்று தெரியும். இதில் அது தெரியாததால்தான் எழுதத் தோன்றியது.

வீடும் அறையும்

வீடு திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகலாம். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய பிறகு இந்தச் சுற்றாடலில் அறை வாடகை பல குடும்பங்களுக்கு இரண்டாவது வருமானமாகிவிட்டது. கலட்டி, கொக்குவில், இராமநாதன் வீதி எங்கும் மதிலில் ‘அறை வாடகைக்கு’ என்ற மட்டை தொங்கும். வீட்டுக்காரரான ரீச்சரின் வீட்டில் அப்படி ஒரு மட்டை தொங்கியதேயில்லை. அது அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

ரீச்சர் இளைப்பாறிய ஆசிரியை. கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், அயலுக்கு ‘ஐயா’. மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். வாடகைக்குப் போனது மகனின் அறை. அவர் குடும்பத்தோடு வந்து நிற்பதற்காக கொமட் வைத்த குளியலறை சேர்த்துக் கட்டி, ஏசியும் பூட்டியிருந்தார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓரிரு கிழமை பாவனை. மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற அறை.

2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது இரண்டு ஓய்வூதியமும் சேர்ந்தே இழுபட்டது. மின்கட்டணம் அந்த வருடம் ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் மறுபடி 66 வீதம். பிள்ளைகள் காசு அனுப்ப ஆயத்தம், ரீச்சர் கேட்க ஆயத்தமில்லை. அறையை வாடகைக்கு விடும் யோசனை ஐயாவுடையது. பக்கத்து வீட்டார் முதலில் இரண்டு மாணவிகளைக் கூட்டிவந்தபோது ரீச்சர் மறுத்துவிட்டார். “பொம்பிளைப் பிள்ளையளை வைச்சிருக்கிறது வயித்தில நெருப்பைக் கட்டினமாதிரி.” மூன்றாவதாக வந்தவர்தான் இந்த இளைஞர்.

வயது 31. கிளிநொச்சிப் பக்கம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். யாழ்ப்பாணத்தில் கணினி நிறுவனமொன்றில் வேலை. வாடிக்கையாளர்கள் இங்கிலாந்தில் என்பதால் வேலை மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கி இரவு பத்தரைக்குத்தான் முடியும்.

விறாந்தையில் இருந்தே எல்லாம் பேசி முடித்தார்கள். மாதம் 18,000 ரூபாய், ஒரு மாத முற்பணம், தண்ணி கரண்ட் உட்பட, சமையல் இல்லை, கேற் பத்து மணிக்குப் பூட்டும். வேலை முடிய நேரமாகும் என்று இளைஞர் அப்போதே சொல்லியிருக்கிறார். “அது பாப்பம் தம்பி” என்றார் ஐயா. ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதப்படவில்லை. பின்னால் வந்த சண்டையின் பெரும்பகுதி இந்த ‘அது பாப்பம்’ என்பதிலும் ‘கரண்ட் உட்பட’ என்பதிலும்தான் முளைத்தது.

கொப்பி

ரீச்சர் என்னிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை நீட்டினார். பொடியனின் குற்றங்கள் திகதி, நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. எழுத்து அச்சுப்போல. சில வரிகள்:

“காலமை 9.40. இன்னும் எழும்பேல்லை.”

“பெரியம்மா வந்து இருக்கேக்க ஒரு தலையாட்டலும் இல்லாமல் போனது.”

“இரவு 11.50. மோட்டர்.”

“வாடகை பாங்க்குக்கால வந்தது. ஒரு சொல் சொல்லேல்லை.”

“திருவிழாவுக்குள்ள மச்சம். பார்சல் பேப்பர் எங்கடை வாளிக்குள்ள.”

வாசித்து முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டேன். இதில் எதையெல்லாம் தம்பியிடம் நேரே சொன்னீர்கள்? ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். “சொல்லித்தான் தெரியோணுமே?”

இளைஞரிடம் தனியாகப் பேசியபோது அவருக்கு இந்தப் பட்டியலில் பாதி புதினமாக இருந்தது. கிணற்று மோட்டர் ரீச்சரின் படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கத்தில் நிற்கிறது. வேலையால் வந்து குளிக்கும்போது தாங்கியில் தண்ணி இல்லாவிட்டால் அவர் சுவிட்சைப் போடுவார். சத்தம் யாருக்குக் கேட்கும் என்று அவர் யோசித்ததில்லை, யாரும் சொல்லவுமில்லை. “அன்ரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பகல்லயே நிரப்பி வச்சிருப்பேனே சேர்.” நல்லூர்த் திருவிழா 25 நாளும் இங்கே பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாடகை அறைக்குள் கடைப் பார்சல் சாப்பிடுவதும் அதற்குள் அடங்கும் என்று அவர் நினைக்கவில்லை.

கேற் விடயம் இதைவிட விசித்திரம். பத்து மணிக்குப் பூட்டு, அவர் வருவது பதினொன்றுக்கு. அறைத் திறப்பு கொடுத்தவர்கள் கேற் திறப்பைக் கொடுக்கவில்லை. பிறத்தியாரிடம் எப்படிக் கொடுப்பது என்ற பயம். அதனால் ஒவ்வொரு இரவும் ஐயா முழித்திருந்து திறந்துவிட வேண்டும், ஐயா முழித்திருப்பதால் ரீச்சருக்கும் நித்திரை இல்லை. கொப்பியில் ‘நித்திரை கெட்டது’ என்று அடிக்கடி வருகிறது. ஒரு திறப்பு வெட்டிக் கொடுத்திருந்தால் அந்த வரிகளில் ஒன்றும் இருந்திராது.

ஏன் பிடிக்கவில்லை

ஆளைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. ரீச்சரோ தன் வெறுப்பை நியாயப்படுத்த வேண்டும் என்று நினைத்தார். அதனால் தினமும் ஒரு சாட்சி தேடினார். தேடுகிறவர் கண்ணில் செருப்பு வைத்த இடமும் குற்றமாகத்தான் படும்.

இரண்டாவது முறை போனபோது, தேத்தண்ணி வந்த பிறகு, அவரே ஒரு பழைய கதையை எடுத்தார். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே வெளிக்கிட்டபோது இந்தக் குடும்பமும் தென்மராட்சிக்குப் போனது. சாவகச்சேரிப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் பல மாதம். “நாங்களும் இன்னொருத்தற்றை வீட்டில இருந்தனாங்கள்தானே. விடிய முதல் எழும்பி அவையின்ரை முத்தத்தையும் சேர்த்துக் கூட்டுவன். அவை சாப்பிட்டாப் பிறகுதான் அடுப்பு மூட்டுவன். பிள்ளையள் சத்தம் போட்டால் வாயைப் பொத்துவன். ஒரு வீட்டில இருக்கிறதெண்டால் எப்பிடி இருக்கோணுமெண்டு எனக்குத் தெரியும்.”

எனக்கு விவகாரம் அந்த இடத்தில்தான் விளங்கியது. வேறொருவர் வீட்டில் இருப்பது என்றால் ரீச்சருக்குத் தெரிந்த ஒரே மாதிரி அந்த விறாந்தை. அங்கே காசு கைமாறவில்லை, அதற்குப் பதிலாகப் பணிவு கைமாறியது. இந்த இளைஞர் மாதம் 18,000 கொடுக்கிறார். அவர் கணக்கில் கடன் அத்தோடு தீர்ந்தது. ரீச்சர் வாடகையும் வாங்கினார், சாவகச்சேரியில் தான் கொடுத்த அந்தப் பணிவும் தன்பாட்டில் வரும் என்று காத்திருந்தார். வாடகை வங்கி வழியே வந்து விழுந்தபோது, காசைக் கையில் வைத்து நாலு வார்த்தை கதைக்கிற அந்தச் சின்னச் சந்தர்ப்பமும் போய்விட்டது.

இளைஞர் பக்கத்திலும் ஒரு பழைய கதை உண்டு. முன்பு இருந்த போர்டிங்கில் வீட்டுக்கார அம்மா அவர் சம்பளம், சாப்பாடு, போனில் பேசும் ஆள் வரை எல்லாவற்றையும் விசாரிப்பாராம். அங்கிருந்து வந்தவர் இங்கே காதில் இயர்போனோடு விறாந்தையைக் கடந்தார். அது திமிர் என்று கொப்பியில் ஏறியது.

கேட்கத் தயங்கிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அறை வாடகைக்குக் கேட்டுப் போனால் “எந்த ஊர்? ஊரில எந்தப் பக்கம்?” என்று கேட்பது ஊரை அறிய மட்டுமில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். பொடியனின் பூர்வீகமும் இதில் இருக்கிறதா என்று நேரே கேட்டேன். ரீச்சர் முகம் சிவந்து, தான் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்துப் படிப்பித்தவள் என்றார். அது பொய்யாக இருக்காது. ஆனால் என்னைக் கேற் வரை கொண்டுவந்து விட்ட ஐயா, குரலைத் தாழ்த்தி, “இல்லையெண்டு சொல்ல ஏலாது” என்றார். மகனின் கட்டிலில் அந்தப் பொடியன் படுப்பதை ரீச்சரின் தமக்கை ஒருநாள் எதோ சொல்ல, அன்றிலிருந்துதான் கொப்பி தொடங்கியதாம். இந்த வெறுப்பின் ஒரு பங்கை எந்த ஒப்பந்தமும் தீர்க்காது. தீர்த்ததாக நான் பாவனை செய்யப் போவதுமில்லை.

ஏசிக் கணக்கு

கைகலப்புக்குக் கிட்டப் போனது ஏசியால்.

‘கரண்ட் உட்பட’ என்றபோது ரீச்சரின் மனதில் ஒரு லைற், ஒரு ஃபான். இளைஞரின் கண்ணில் சுவரில் பூட்டியிருந்த ஏசியும் பட்டது. அது இன்வேர்ட்டர் இல்லாத பழைய வகை. ஓடும்போது மணிக்கு ஒரு அலகுக்குக் கிட்டப் பிடிக்கும், அறை குளிர்ந்தபின் விட்டு விட்டு ஓடும். இரவுக்கு நாலைந்து அலகு என்று வைத்தாலும் மாதம் 130 அலகு வரும். முன்பு இருவருமாக 75 அலகுக்குள் நின்ற வீடு 200ஐத் தாண்டியது.

பலருக்கு விளங்காதது, அலகு இரண்டரை மடங்கானால் பில் அதைவிட ஏன் கூடுகிறது என்பது. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியானது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை வரிசை. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு வரிசை. அதன்பின் ஒவ்வொரு படியிலும் அலகு விலை ஏறும், 180க்கு மேல் போன அலகுகளுக்குத்தான் உச்ச விலை. நிலையான கட்டணமும் பாவனையோடு சேர்ந்து ஏறும். ஆகவே வீட்டுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவரின் அலகுகள்தான் விலை கூடிய படிகளில் போய் விழுகின்றன. முந்திய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ரீச்சருக்கு, வாடகையில் பெரிய பங்கைக் கரண்ட் தின்கிறது என்பது தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. கொப்பியில் இருந்த முறைப்பாடுகளிலேயே அளந்து பார்க்கக்கூடியது இது ஒன்றுதான். இதையும் ரீச்சர் தம்பியிடம் சொல்லவில்லை. றிமோட்டை எடுத்து ஒளித்தார்.

இளைஞர் பஜாருக்குப் போய் எந்த ஏசிக்கும் பொருந்துகிற றிமோட் ஒன்றை வாங்கிவந்தார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை! இரண்டு படித்த மனிதர் ஒரே கூரையின் கீழ் ஒரு வார்த்தை பேசாமல் மாதக்கணக்கில் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

பிறகு ஓர் இரவு ஒரு மணிக்கு ரீச்சர் எழும்பி அந்த அறைக்குப் போகும் பிரேக்கரை இறக்கினார். இளைஞர் வெளியே வந்து ஏற்றினார். ரீச்சர் மறுபடி இறக்கினார். அப்போதுதான் இருவரும் முதல்தடவை உரத்துப் பேசினார்கள். “நாளைக்கே என்ரை வீட்டை விட்டு வெளிக்கிடு” என்றார் ரீச்சர். அதுவரை ‘தம்பி, நீங்கள்’ என்றிருந்தது அன்று ஒருமைக்கு இறங்கியது. “காசு குடுத்துத்தான் இருக்கேன், சும்மா இல்லை” என்றார் அவர். ரீச்சரைச் சுட்டது அந்த வசனம்தான் என்று நினைக்கிறேன். 95இல் அவரால் சொல்ல முடியாமல் போன வசனம் அது.

மறுநாள், இளைஞர் வேலைக்குப் போன நேரம், அறைக்கு வேறு பூட்டுப் போடுவதற்கு ஆள் கூப்பிடச் சொன்னார் ரீச்சர். ஐயா அதற்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டார்.

பூட்டைப் பற்றி

ஐயா செய்தது புத்தி. வீடு ரீச்சரின் சீதன வீடு, உறுதி அவர் பேரில். ஆனால் பூட்டை மாற்றினால் கேள்வி உறுதியைப் பற்றியதாக இருக்காது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ், இருப்பிடம் பற்றிய பிணக்கு அமைதிக் குலைவுக்குப் போகும்போது பொலிஸார் அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். நீதிமன்றம் முதலில் பார்ப்பது யார் அனுபவத்தில் இருந்தார் என்பதை. அறிவித்தலுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடச்சொல்லிக் கட்டளை வரலாம். பிடிக்காத ஆளை நீதிமன்றக் கட்டளையோடு திரும்ப வீட்டுக்குள் எடுப்பதைவிட ரீச்சருக்கு வேறு அவமானம் இருந்திருக்காது.

ஐயாவுக்கு இதற்கு நேர்மாறான பயம். “வாடகைக்கு விட்டால் பிறகு எழுப்ப ஏலாது” என்பது இங்கே ஊறிப்போன பேச்சு. 1972இன் வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளருக்குக் கொடுத்த பாதுகாப்பும், வெளிநாடு போனவர்களின் வீடுகளைத் திரும்ப எடுக்கப் பட்ட பாடும் சேர்ந்து உண்டாக்கிய பயம் அது. அதனால்தான் கடதாசியில் எதையும் எழுதவில்லை என்றார். எழுதினால் உரிமை போய்விடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். என் அனுபவம் இதற்கு எதிர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். மாதத்துக்கு மாதம் ஓடுகிற ஒழுங்குக்கு அது தேவையில்லை, ஆனால் எழுதி வைப்பதை யாரும் தடுக்கவுமில்லை. எழுதாத ஒழுங்கில் இரு பக்கமும் தங்களுக்குச் சாதகமானதைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். மனதுக்குப் பிடித்த ஆள் என்றால் வாய்ப்பேச்சோடு சமாளித்துவிடலாம். பிடிக்காத ஆளோடு முடியாது, ஏனென்றால் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க மனம் வராது.

எழுதியது

ஞாயிறு காலை விறாந்தையில் மூவரையும் இருத்தினேன். யார் சரி என்ற பேச்சே எடுக்கவில்லை. கொப்பியையும் வெளியில் எடுக்க விடவில்லை.

கூடுதல் நேரம் போனது கரண்டுக்கு. தம்பி வந்ததால் கூடிய முழுத் தொகையையும் அவரே கட்ட வேண்டும் என்றார் ரீச்சர். பாவித்த அலகுகளின் விகிதப்படி பங்கு போடலாம் என்றார் அவர். இரண்டிலும் தர்க்கம் உண்டு. முதலாவதில் விலை கூடிய படி முழுதும் அவர் தலையில் விழும். இரண்டாவதில் ரீச்சர் முன்பு மலிவாகக் கட்டிய தன் 75 அலகுக்கும் கூடிய விலை கட்ட வேண்டிவரும். கடைசியில் அறைக்குத் தனி சப் மீற்றர் பூட்டுவது, செலவு பாதி பாதி என்று முடிந்தது. முதல் 30 அலகு வாடகைக்குள். அதற்கு மேற்பட்டதற்கு அந்த மாதப் பில்லின் சராசரி அலகு விலையில் இளைஞர் கட்டுவார், நிலையான கட்டணத்தில் கூடியதும் அவருடையது. மீற்றர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்ததுமே பாவனை விழுந்தது. ஏசியை 26இல் வைத்து, ஃபானையும் போட்டு, விடியப்புறம் தானாக நிற்க நேரம் குறித்தார். வீட்டுப் பில் 180 அலகுக்குக் கீழே வந்தது.

மற்றவை சுருக்கமாக முடிந்தன. கேற் திறப்பு ஒன்று அவருக்கு. இரவு எட்டு மணிக்குப் பிறகு மோட்டர் இல்லை. திருவிழா நாட்களிலும் கந்தசஷ்டி ஆறு நாளும் அறைக்குள் மச்சம் இல்லை, வெளியே சாப்பிடுவது அவர் விருப்பம். ஏதும் குறை இருந்தால் வாய்ப்பேச்சில் கடினமென்றால் வட்ஸ்அப்பில் எழுதுவது. இரு பக்கமும் ஒரு மாத முன்னறிவித்தலோடு விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தக் கடைசி வரியை ரீச்சர் இரண்டு தரம் வாசித்தார். “காரணம் ஒண்டும் சொல்லத் தேவையில்லையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிடிக்கவில்லை என்பதற்காகவே அறிவித்தல் கொடுக்கலாம், அதற்கு ஒரு குற்றமும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பேனையை அவர் உடனே எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

நான் வற்புறுத்தி ரீச்சர் ஏற்காதது ஒன்று உண்டு. வாடகையைக் கையில் தரும்படி தம்பியிடம் கேட்கலாம், அது தப்பில்லை என்றேன். “கேட்டு வாங்கினால் அது என்னத்துக்கு?” என்றார்.

அதன்பின் பல மாதங்களாக யாரும் அறிவித்தல் கொடுக்கவில்லை. ரீச்சருக்கு அவரை இப்போதும் பிடிக்காது, அதை ஒளிக்கவும் மாட்டார். அண்மையில் சந்தையில் கண்டபோது, வாடகையை 2,000 கூட்டிக் கேட்டதாகவும், அவர் வட்ஸ்அப்பில் 1,000 என்று எழுதியதாகவும், தான் 1,500இல் நிற்பதாகவும் சொன்னார். “விடமாட்டான் போல கிடக்கு” என்றுவிட்டு முருங்கைக்காய் பார்க்கப் போனார்.